தட்டு தாண்டிப் போகும் பெஞ்சு

கடைசி ஈடு பன் வெளியே வந்த பிறகுதான் அம்மா சபைக்கான அப்பத்தைப் பேக்கரி அடுப்புக்குள் தள்ளுவாள். புளிப்பில்லாத மாவில் தட்டகல வட்டம். தள்ளுமுன் ஓரத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவாள். பன்னோ பிஸ்கட்டோ, அந்தக் கைப்பழக்கம் அவளை விடாது.

பார்த்துக்கொண்டிருந்த மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சபைக்கே சுடுகிறவளுக்கு அதில் ஒரு துணுக்குக் கிடையாது. அம்மா கைக்குழந்தையிலேயே மணிக்கூண்டுக் கோயிலில் நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்றவள். அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்த இந்தச் சபையிலோ, விவரம் தெரிந்து, விசுவாசித்து, தண்ணீரில் முழுகி எழுந்தவர்களுக்குத்தான் திருவிருந்து அப்பம். அப்பா முழுகினவர். மகளும் முழுகினாள். அம்மா மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து கடைசி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்பத் தட்டு அவளைத் தாண்டிப் போகிறது. சபைப் பெண்கள் அவளைத் தெளிப்புக்காரி என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். செல்லத்துக்குள் ஓர் ஊசி இருக்கும். அம்மாவும் சளைத்தவள் இல்லை. "நீங்க முழுகியும் நாக்கு மட்டும் நனையலையே" என்பாள்.

மகள் அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கேள்வி கேட்கத்தானே படிக்க வைத்தார்கள்? போன வாரம் பாஸ்டரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டாள்.

"எங்கம்மா கை வேணும், வாய் வேணாமா பாஸ்டர்?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். இது என் வீட்டுப் பந்தி இல்லைம்மா, வசனத்தை நான் இப்படித்தான் புரிந்திருக்கிறேன், மனசு கஷ்டப்படுகிறது என்று மாற்ற முடியாது என்றார். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்த மனிதர். திட்டவும் வாய் வரவில்லை.

அடுப்பெதிரே அம்மாவிடம் பாய்ந்தாள். "ஒரு தடவ முழுகி எந்திரியேம்மா. என்ன கொறஞ்சிடப் போகுது?"

"பொழைக்காதுன்னு கைவிட்ட என்னைய எங்கப்பா நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு ஓடி வாங்கிக் குடுத்த ஞானஸ்நானம்டி. அது ஒண்ணுமில்லன்னு என் வாயால சொல்லமாட்டேன்."

"அப்போ அவங்களுக்குச் சுடாத."

"ஏன்? அவங்க என் ஜனம் இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை தட்டைச் சுமந்து வந்தவர் சபைக்குப் புதியவர், வேலை மாற்றலாகி வந்த எலக்ட்ரீஷியன். யாரும் அவருக்குச் சொல்லிவைக்கவில்லை. நேரே அம்மாவிடம் நீட்டிவிட்டார். முன்வரிசைப் பெண்கள் திரும்பினார்கள். மேடையில் பாஸ்டர் பார்த்தார். தடுக்கக் கை எழவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். எடும்மா, எடுத்துடு, என்று மகள் மனசுக்குள் கெஞ்சினாள். எடுத்திருந்தால் யாரும் பிடுங்கியிருக்க மாட்டார்கள். தெரியாமல் நடந்தது என்று மூடிவிடவும் வழி இருந்தது.

அம்மா இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். பிட்டு வைத்த துண்டுகளை, பதம் சரியா என்று பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த மகளிடம் நகர்த்தினாள்.

"பிடிடி. சிந்தாம வாங்கு."

முகத்தில் வாட்டம் இல்லை, யாருக்கோ விட்டுக்கொடுக்கிற தோரணையும் இல்லை. பட்டமளிப்பு மேடையில் நின்றபோதுகூட மகளுக்கு முதுகு இவ்வளவு நேராக இருந்ததில்லை. திரும்பிய தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எங்கம்மா, பார்த்துக்கோங்க.

கைக்கு வந்தது ஓரத் துண்டு. அதில் ஒரு குழி. அவள் கட்டைவிரல் தானாக அதில் போய் உட்கார்ந்தது.

எல்லோரும் துண்டைக் கையில் வைத்துக் காத்திருந்தார்கள். சேர்ந்து புசிப்போம் என்று பாஸ்டர் சொல்ல வேண்டிய நேரம். அவர் தன் துண்டைப் பிடித்தபடி கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே அம்மா, வெறும் கைகளை மடியில் கோர்த்து, பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் திறந்து பக்கத்தில் வைத்திருந்தாள்.