ஜன்னல் வழியாக இடம் பிடிப்பது

2024 மார்ச் 13, புதன்கிழமை, முற்பகல் 10.52-க்குப் பதுளை ரயில் பேராதனைச் சந்தியை விட்டுப் புறப்பட்டது. முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்புப் பெட்டியில், ஜன்னலோர இருக்கை ஒன்றின் மேல், சாம்பல் நிறக் கைப்பை ஒன்று இருந்தது. பைக்குச் சொந்தக்காரரான இங்கர் மேடையில் நின்றார்.

ஜனார்த்தனன் அந்த நேரத்தில் பருப்பு வடை வாங்கிக்கொண்டிருந்தான். பொட்டலத்தோடு திரும்பியவன் முதலில் ரயிலின் கடைசிப் பெட்டியைப் பார்த்தான், பிறகு இங்கரைப் பார்த்தான். முதுகில் பெரிய மூட்டையோடு அவர் அமைதியாக நின்றிருந்தார்.

"ஏன் ஏறவில்லை? உங்கள் கைப்பை எங்கே?"

"இடம் பிடித்திருக்கிறது," என்றார் இங்கர்.

ஜனார்த்தனன் கண்டி மாநகர சபையில் எழுதுவினைஞர். வீட்டு மேல்மாடியில் இருந்த இரண்டு அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். அவர்களுக்காக ஆங்கிலத்தில் அவனே எழுதிய 'இலங்கைக்கு வருவோருக்கு முப்பத்தொரு நடைமுறை ஆலோசனைகள்', பிளாஸ்டிக் உறை போட்டு இரண்டு அறைகளிலும் கதவுக்குப் பின்னால் தொங்கின. அவன் எல்லவுக்குப் போனதில்லை. சிகிரியாவை ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவில் கீழேயிருந்து பார்த்ததோடு சரி. யாழ்ப்பாணத்துக்கு ஒரே ஒரு தடவை போனான், தன்னுடைய கல்யாணத்துக்கு. ஆனாலும் அந்தத் தாள் சொல்லாத விடயம் கிடையாது. அட்டை கடித்தால் இழுக்காதீர்கள், சவர்க்காரம் பூசுங்கள். குரங்கைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்காதீர்கள், அது வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். வழி கேட்டால் மூன்று பேரிடம் கேளுங்கள், யோசிக்காமல் கைகாட்டியவரை விட்டுவிடுங்கள். சாப்பாட்டுக் கடையில் "உறைப்பில்லை" என்று சொன்னால், சொல்கிறவருக்கு உறைக்கவில்லை என்று மட்டும் பொருள்.

பதினேழாவது ஆலோசனை ரயில் பற்றியது. முன்பதிவு கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், ரயில் வந்து நின்றதும் ஜன்னல் வழியாக ஒரு கைலேஞ்சியைக் காலி இருக்கையில் போடுங்கள், இந்த நாட்டில் அது சட்டத்துக்குச் சமம் என்று எழுதியிருந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். சபைக்கு வரும் முறைப்பாடுகளுக்குப் பதினெட்டு வருடமாகப் பதில் எழுதிய கை, நிறுத்தவில்லை. "போடும் பொருள் எவ்வளவு கௌரவமானதோ, உரிமையும் அவ்வளவு உறுதியானது" என்று ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டது.

எல்லவுக்குப் புறப்பட்டிருந்த இங்கர், டென்மார்க்கில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. அறுபத்து மூன்று வயது. எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்கிறவர். இதுவரை வந்த விருந்தாளிகளில் முப்பத்தொரு ஆலோசனையையும் முழுதாக வாசித்தவர் அவர் ஒருவர்தான் என்பதில் ஜனார்த்தனனுக்கு அன்று காலைவரை பெருமை இருந்தது.

"கைலேஞ்சி என்றல்லவா எழுதியிருந்தேன்?"

"என்னிடம் காகிதக் கைக்குட்டைதான் இருக்கிறது. அது கௌரவமாகப் படவில்லை."

"சரி, போட்டுவிட்டு ஏன் ஏறவில்லை?"

"ஒன்பதாவது ஆலோசனை," என்றார் இங்கர். "முதியவர்களையும் குழந்தையோடு வருபவர்களையும் முதலில் ஏற விடுங்கள்."

சிவனொளிபாதமலைப் பருவம். வெள்ளை உடுத்த யாத்திரைக் கூட்டம் ஒன்று ஹட்டனுக்குப் போக அந்தப் பெட்டி வாசலில்தான் நின்றது. இங்கர் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார். தொழில் பழக்கத்தில் எண்ணியும் இருக்கிறார். முப்பத்து நான்கு பேர். கடைசி ஆள் இடுப்பில் பிள்ளையும் கையில் சோறு சமைக்கும் மின்பானையுமாக ஏறி முடிக்க, ரயில் நகர்ந்துவிட்டது.

பைக்குள் கடவுச்சீட்டு, வங்கி அட்டைகள், கையிலிருந்த எல்லாப் பணமும். சனிக்கிழமை இரவு விமானம். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கைக்குக் கல்யாணம். மூன்றாவது கல்யாணம்தான், ஆனால் முதல் இரண்டுக்கும் இங்கர் போகவில்லையாம், இதற்கும் வராவிட்டால் இனிமேல் கூப்பிடமாட்டேன் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். புதுக் கடவுச்சீட்டு எடுக்கலாமே என்று நிலைய அதிபர் யோசனை சொன்னார். இங்கரின் நாட்டுக்குக் கொழும்பில் தூதரகம் இல்லை, தில்லியில்தான் இருக்கிறது. தில்லிக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டும்.

நிலைய அதிபர் நல்ல மனிதர். கம்பளை நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, ரயில் வந்ததும் அதன் பொறுப்பாளரான கார்டை அந்தப் பெட்டிக்கு அனுப்பச் செய்தார். கால்மணி நேரத்துக்குமேல் காத்திருந்த பிறகு பதில் வந்தது. கேட்டுவிட்டு அவர் தொலைபேசியை வைத்தார். பை இருக்கிறது. ஆனால் பெட்டியில் உள்ளவர்கள் கார்டிடம் கொடுக்க மறுக்கிறார்கள். யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள், ஆள் பக்கத்துப் பெட்டியில் இருக்கும், வந்தால் நாங்கள் என்ன பதில் சொல்வது என்று அவரையே கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜனார்த்தனன் வீட்டிலிருந்த மனைவிக்குத் தொலைபேசி எடுத்தான்.

"கஜனி, ஒரு சின்னப் பிரச்சினை."

"ஓம், சொல்லுங்கோ. உங்கட சின்னப் பிரச்சினையளை எனக்குத் தெரியும்."

சொன்னான். மறுமுனையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"பாஸ்போட்டை ரயிலுக்கை எறியச் சொல்லி எத்தினையாம் நம்பரில எழுதினனீங்கள்?"

"பதினேழு. ஆனா எறியச் சொல்லல. கௌரவமான பொருள்னுதான்..."

"அந்த வசனம் என்னத்துக்கெண்டு நான் அண்டைக்கே கேட்டனான். வடிவா இருக்குதெண்டு சொன்னனீங்கள். இப்ப உங்கட வடிவு பதுளைக்குப் போகுது. அங்க நிண்டு என்னோட கதைக்காமல் போய்ப் பிடியுங்கோ. கந்தோருக்கு நான் அடிச்சு லீவு சொல்லுறன்."

நிலையத்துக்கு வெளியே முனாப் நானா முச்சக்கர வண்டியில் கால் நீட்டிப் படுத்திருந்தார். ஜனார்த்தனன் விருந்தாளிகளைக் கூட்டிப்போவதும் கொண்டுவந்து விடுவதும் அவருடைய வண்டியில்தான்.

"நானா, ரயிலப் புடிக்கணும்."

"ரயிலுக்கு ஆள ஏத்தத்தானே தம்பி வந்த?"

"பை ஏறிடுச்சு. ஆள் ஏறல."

முனாப் எழுந்து இங்கரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருசமா ஓட்றேன். சாமான உட்டுட்டு ஆள் போனதப் பாத்தீக்கிறேன். இது புதுசா ஈக்கி. ஏறுங்க. நாவலப்பிட்டில புடிக்க ஏலும்."

கம்பளை வீதியில் பாடசாலை வான்களுக்கும் மணல் லொறிகளுக்கும் நடுவே வண்டி புகுந்து போனது. இங்கர் மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தார். வளைவில் வண்டி சாயும்போதெல்லாம் ஜனார்த்தனன் "பயப்படாதீர்கள்" என்றான். நான்காவது தடவை சொன்னபோது, தான் பயப்படவில்லை என்றும் அவன்தான் தன் முழங்காலைப் பிடித்திருக்கிறான் என்றும் இங்கர் சொன்னார்.

"எல்லாப் பணமும் அதுல இருக்கு நானா. இந்நேரம் யாராச்சும்..."

"பணம் ஈக்கிறது அவங்களுக்குத் தெரியாதே. சீட் போட்டீக்கிறது மட்டுந்தான் தெரியும். சீட் போட்டா யார் தொட?"

"ஆள் வரலைன்னு தெரிஞ்சா?"

"சீட் போட்டவன் வரமாட்டான்டு நம்ம ஊர்ல யாராவது நினைப்பாங்களா தம்பி? சண்டைக்காவது வருவான்."

நாவலப்பிட்டிக்கு முன்னால் ஒரு ரயில் கடவையில் தடை இறங்கியிருந்தது. முனாப் வண்டியை நிறுத்தி ஏதோ முணுமுணுக்க, அவர்கள் துரத்திவந்த அதே ரயில் மூக்குக்கு முன்னால் கடந்தது. மிதிபலகைகளில் ஆட்கள் தொங்கினார்கள். கதவிடுக்கில் ஒருவரையொருவர் நெரித்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது பெட்டியில் மட்டும் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் ஆள் இல்லை. அந்த இருக்கையைச் சுற்றி நின்றவர்கள் அதன் மேல் சாயாமல், வளைந்து வளைந்து நின்றார்கள்.

"என்னுடைய இடம்," என்று இங்கர் கைகாட்டினார். அவர் குரலில் கொஞ்சம் சந்தோசம் இருந்ததாக ஜனார்த்தனனுக்குப் பட்டது. அது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

நாவலப்பிட்டி நிலையத்துக்குள் அவர்கள் ஓடியபோது ரயில் போய் மூன்று நிமிடம் ஆகியிருந்தது. முனாப் வண்டிக்குப் பெற்றோல் அடித்தார். இனி ஹட்டன்தான். அதையும் விட்டால் வண்டி மலையில் மூச்சு வாங்கும், ரயில் வாங்காது.

கினிகத்தனை ஏற்றத்தில் வண்டி கிட்டத்தட்ட நடக்கும் வேகத்துக்கு வந்தது. ஒரு பேருந்து நடத்துநர் மிதிபலகையில் நின்றபடி அவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். தில்லி, தங்கை, மாநகர சபைக்குத் தெரிந்தால், விருந்தாளிகள் இணையத்தில் எழுதும் விமர்சனம் என்று ஜனார்த்தனனின் மனம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தது. வடைப் பொட்டலம் இன்னும் கையில் இருந்தது. எண்ணெய் அவன் கால்சட்டையில் இறங்கிவிட்டிருந்தது.

ஹட்டன் நிலையத்துக்கு அவர்கள் ரயிலுக்கு நான்கு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

ரயில் வந்து நின்றதும் முப்பத்து நான்கு யாத்திரிகர்களும் அதே வாசலால் இறங்கத் தொடங்கினார்கள். இங்கர் பழையபடி ஒதுங்கி நிற்கப்போனார்.

"இல்ல! ஏறுங்க!" என்று ஜனார்த்தனன் தமிழில் கத்தினான். ஒன்பதாவது ஆலோசனையை எழுதியவனே மின்பானையையும் பிள்ளையையும் விலக்கிக்கொண்டு அவரை உள்ளே இழுத்தான்.

இருக்கையின் பக்கத்தில், கம்பியைப் பிடித்தபடி, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். காலடியில் இரண்டு சாக்குப் பைகள். பெயர் இராஜகுமாரி என்பது பிறகு தெரிந்தது. ஜனார்த்தனன் பையை நோக்கிக் கை நீட்டியதும் குறுக்கே வந்தாள்.

"யாரு நீங்க? ஆள் போட்டிருக்கில்ல?"

"இவங்கதாங்க்கா போட்டது."

"கம்பளையில ஒருத்தன் வந்து இப்பிடித்தான் சொன்னான். உள்ள என்னான்னு கேட்டேன். சட்டைன்னான். இத்தினூண்டு பையில சட்டையாம்! முடுக்கி விட்டோம்." பின்னாலிருந்து நாலைந்து பேர் ஆமோதித்தார்கள். "கார்டு ஐயாவும் வந்தாரு. அவரா சீட் போட்டாரு?"

"அதான் சொல்றேனே, இந்த அம்மாதான்..."

"வெள்ளைக்காரங்க எங்கங்க இப்பிடி சீட் போடுவாங்க? அவங்க மூணு மாசத்துக்கு முந்தியே புக் பண்ணிட்டு வர்றவங்க. யாருகிட்ட கதை விடுறீங்க?"

மேடையில் மணி அடித்தது. பெட்டி முழுவதும் அவன் வாயைப் பார்த்தது.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன். சீட் போடச் சொல்லி. எழுதியே குடுத்தேன்."

"லேஞ்சி போடச் சொல்லலியா?"

"சொன்னேன். கௌரவமான பொருளா இருந்தா இன்னும் நல்லதுன்னும் எழுதிட்டேன். உள்ள பாஸ்போட் இருக்குக்கா. காசு பூராவும் இருக்கு."

ஒரு பெண் அதைப் பின்னால் நின்றவர்களுக்குத் திருப்பிச் சொன்னாள். பிறகு யாரோ ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்றாள் இராஜகுமாரி.

"கண்டி மாநகர சபையில கிளார்க்."

"அதானே பாத்தேன்." அவள் இங்கர் பக்கம் திரும்பினாள். "உள்ள என்ன இருக்குன்னு அந்தம்மாவச் சொல்லச் சொல்லுங்க."

ஜனார்த்தனன் மொழிபெயர்த்தான். இங்கர் கடவுச்சீட்டின் இலக்கத்தை எழுத்தெழுத்தாகச் சொன்னார். இரண்டு அட்டைகள், பாதி முடிந்த மாத்திரை அட்டை ஒன்று, தங்கையின் புகைப்படம், மூன்று இனிப்புகள் என்று வரிசையாகச் சொல்லி முடித்தார். இராஜகுமாரி கண் இமைக்காமல் கேட்டு, தலையசைத்து, பையை எடுத்துக் கொடுத்தாள்.

"சரியா இருக்கான்னு நீங்க தொறந்து பாக்கலையே?" என்றான் ஜனார்த்தனன்.

"ஊரான் பைய நாங்க எதுக்குத் தொறக்கணும்?"

"அப்ப அந்த ஆள் சட்டைன்னது பொய்யின்னு எப்பிடி..."

"சொல்ற விதத்துல தெரியாதா? நீங்க எறங்குங்க, வண்டி எடுக்கப் போறான்."

யாத்திரிகர்கள் இறங்கிய பிறகு பெட்டியில் பாதிக்குமேல் இருக்கைகள் காலியாக இருந்தன. இங்கர் தன்னுடைய ஜன்னலோர இடத்தை இராஜகுமாரிக்குக் காட்டி, உட்காருங்கள் என்று சைகை செய்தார்.

"வேணாம். போட்டவங்கதான் உக்காரணும்," என்று சொல்லிவிட்டு, இராஜகுமாரி எதிர் இருக்கையில் சாக்குப் பைகளை ஒதுக்கிவைத்து, பேராதனையை விட்ட பிறகு முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

ஜனார்த்தனன் இறங்கிக்கொள்ள, ரயில் 1.21-க்கு ஹட்டனை விட்டுப் புறப்பட்டது. இராஜகுமாரி தலவாக்கலையில் இறங்கினாள். இங்கர் மாலையில் எல்லவில் இறங்கி, சனிக்கிழமை இரவு கட்டுநாயக்கவில் விமானம் ஏறினார்.