எட்டுக் கட்டில்

ஒருத்தரோடு ஒரே கட்டிலில் இரண்டு வருஷம் படுத்து எழுந்துவிட்டு, அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் நீங்கள் இருந்ததுண்டா? வெல்டர் இருந்தான். அவன் பகல் ஷிப்ட். அதே கட்டிலில் படுக்கும் பெயிண்டர் இரவு ஷிப்ட். இவன் வேலைக்கு இறங்கும்போது அவர் படியேறி வருவார். குறுகலான படியில் தோள் இடிபட, "போய்ட்டு வாங்க", "நல்லாத் தூங்குங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தலையணையில் அவருடைய எண்ணெய் வாசம் இருக்கும். மெத்தையில் அவருடைய முதுகு அழுத்திய பள்ளம் இருக்கும். ஆளைத் தெரியாது, பள்ளத்தைத்தான் தெரியும்.

அறையில் எட்டுக் கட்டில், பதினாறு பேர். ஒருவன் படுத்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் ஏறிவிடுவான். கம்பெனியின் ஏற்பாடு அது. ஆனால் அந்த அறைக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி. அதனால் சோதனை போட யாராவது வந்தால் பாதிப் பேர் மொட்டைமாடிக்கு ஓடிவிட வேண்டும். எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் எட்டு என்று சொல்ல வேண்டும். வந்த அன்றைக்கே மாமா சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அவர் யாருக்கும் மாமா இல்லை. அறையைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி போட்ட ஆள். கேட்டுக்கு வெளியே அவருக்குத் தனி அறை, தனிக் கட்டில்.

புதுக் காய்ச்சல் ஊரெல்லாம் பரவியதும் ஆலையை மூடினார்கள். இரண்டு ஷிப்டும் ஒன்றாக அறைக்குள் வந்து விழுந்தது. தெருவில் ஒலிபெருக்கி வண்டி போனது. வெளியே வராதீர்கள், ஒருவருக்கொருவர் இரண்டு மீட்டர் தள்ளியே இருங்கள்.

"ரெண்டு மீட்டராம்!" என்றான் வக்கீல். அட்டைப்பெட்டி ஒட்டுகிறவன், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அந்தப் பெயர். "நான் காலை நீட்டினா இன்னொருத்தன் வாய்க்குள்ள போகுது. எங்க தள்ளிப் போறது, செவுத்துக்குள்ளயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெயிண்டருக்குக் காய்ச்சல் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றது.

முதலில் உடம்பு வலி என்றார். பிறகு தண்ணீர்கூட இறங்கவில்லை. சுவர்ப்பக்கம் சுருண்டு படுத்து மூச்சை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்திருந்த வெல்டருக்கு அந்தச் சத்தம் தலைக்கு மேலேயே கேட்டது.

"ஆஸ்பத்திரி வண்டிக்கு நம்பர் குடுத்திருக்காங்கல்ல. போன் பண்ணிடலாம்," என்றான் வெல்டர்.

"பண்ணு ராசா," என்றான் வக்கீல். "பக்கத்து பில்டிங்லயும் இப்படித்தான் பண்ணாங்க. ஒருத்தனைத் தூக்கிட்டுப் போனான், மத்தவங்களை உள்ள வெச்சுப் பூட்டிட்டான். ஜன்னல்ல நின்னு கத்துறானுங்களே, உன் காதுல விழலையா?"

"அதுக்காக இவரைச் சாக விடுறதா?"

"யாருடா சாகுறா? மாத்திரை போட்டிருக்கு. என் தம்பிக்கு வந்து தானா போகலையா?"

"உன் தம்பிக்கு இப்படியா மூச்சு வாங்குச்சு?"

மாமா வாசலிலேயே நின்றார். மூக்கில் துண்டு. "நோய் இல்லாத ரூம் ஆளுங்களைத்தான் முதல்ல வேலைக்குக் கூப்பிடப் போறாங்க தம்பி. பதினாறு குடும்பம் இத நம்பி இருக்கு. ஒருத்தருக்காக எல்லார் வாயிலயும் மண்ணைப் போட்டுடாதே. மொட்டைமாடில தண்ணித் தொட்டி பக்கம் நிழல் இருக்கு, அங்க படுக்க வெச்சிடுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீயும் கூடவே போயிடு. ஒரே மெத்தையில படுத்தவன்தானே."

அறையில் ஒருவர்கூட ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் வெல்டரின் உச்சியில் ஏறியது. இந்த மெத்தையை அவனா கேட்டு வாங்கினான்? நேற்றுவரை ஒரே குவளையில் தண்ணீர் குடித்தவர்கள் இப்போது தரையைப் பார்க்கிறார்கள். எல்லோர் மேலும் கோபம் வந்தது. தூரத்திலிருந்தே மீட்டர் கணக்குச் சொல்லிவிட்டுப் போன வண்டிக்காரன்மேல் வந்தது. பெயிண்டர்மேலும் வந்தது. முதல் நாளே வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா மனுஷன்?

"நீங்க ரெண்டு மீட்டர் என்ன, ரெண்டு செவுரு தள்ளி இருக்கீங்க மாமா. அதான் வாய் இவ்வளவு நீளுது."

"மரியாதையாப் பேசு."

"மரியாதை குடுக்குற மாதிரியா பேசுறீங்க?"

பெயிண்டர் கட்டில் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் நீலப் பெயிண்ட். "சண்டை வேணாம் தம்பி. நான் மாடிக்கே போயிடுறேன்." கால் தரையில் பட்டதும் உடம்பு அப்படியே பின்னால் சாய்ந்தது.

வெல்டர் போனை எடுத்தான். வக்கீல் அவன் சட்டையைப் பிடித்தான். "டேய், போட்டேன்னா இந்த ரூம்ல உன்கூட ஒருத்தன் பேச மாட்டான்."

"இப்ப மட்டும் என்ன பேசிக் கிழிச்சீங்க?" என்று கையைத் தட்டிவிட்டான்.

எதிர்முனையில் ஒரு பெண்ணின் களைத்த குரல். எந்தத் தெரு, என்ன வயது, மூச்சு எப்படி. எல்லாவற்றுக்கும் கத்திக் கத்திப் பதில் சொன்னான்.

"ரூம்ல மொத்தம் எத்தனை பேர்?"

"எட்டுப் பேருங்க," என்றது வாய். அவன் யோசிக்கவே இல்லை.

"காலையில வண்டி வரும். எட்டுப் பேரும் வெளிய வரக் கூடாது."

மாமாவின் முகம் தளர்ந்தது. "அந்த புத்தியாவது இருக்கே," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வக்கீல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெல்டர் துண்டை நனைத்துப் பெயிண்டரின் கழுத்தைத் துடைத்தான்.

"தலையணையை நீங்க தினமும் தட்டி வெச்சிட்டுப் போவீங்க," என்றார் பெயிண்டர். "சொல்லணும்னு நினைப்பேன். படியில பார்த்ததும் மறந்துடும்."

"இப்ப அதுவா முக்கியம்? பேசாம படுங்க," என்று எரிந்து விழுந்தான் வெல்டர். துண்டை எடுக்கவில்லை.

மறுநாள் காலை வண்டி வந்தது. அதற்குள் மாமா எப்போதும்போல எட்டுப் பேரை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டிருந்தார். தலைமுதல் கால்வரை மூடிய இரண்டு பேர் பெயிண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மிச்சம் ஏழு பேர் என்று எண்ணிக்கொண்டார்கள். ஏழு சாப்பாட்டுப் பொட்டலங்களைப் படியில் வைத்தார்கள். கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். மாமா வெளியே நின்றார். வண்டி போன பிறகு, மாடியில் இருந்த எட்டுப் பேரும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள்.