மூன்றில் ஒன்றுதானே

பனித்தளத்தில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங்குக்கு எங்கள் ஊரில் ஒரு மன்றம் உண்டு. அதன் இறுதி ஆட்டத்தை டோரீனின் அக்கா லொரெய்ன் பார்த்தே ஆக வேண்டும். தொலைவில் யெல்லோநைஃப் நகரில் உட்கார்ந்துகொண்டு, "உனக்குக் கல்ல நேரா விட வராதுடி" என்று அவள் பல வருடமாகச் சொல்லி வருகிறாள். அந்த வாயை அடைக்கத்தான் டோரீன் அணித்தலைவியே ஆனாள். நேரலை என் பொறுப்பு.

இரவு வேலை முடிந்து தூங்காமல் வந்து, படத்தை இணையத்தில் அனுப்பும் பெட்டியைப் பொருத்தினேன். அதற்கு மூன்று இணைப்புகள்: சமையலறை மோடம், மன்றத்து மார்ஜின் கைபேசி, கூரைமேல் சாட்டிலைட் தட்டு. ஒன்று அறுந்தால் மற்றவை படத்தைச் சுமக்கும். மன்றத்து ஆட்களைக் கூப்பிட்டு மோடத்தை அணைத்துக் காட்டினேன். படம் தடங்கலில்லாமல் ஓடியது. கைதட்டினார்கள்.

"ஒண்ணு போனா ஒண்ணும் ஆகாது" என்றேன். அதை மட்டும் எல்லோரும் நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஆட்டம் சமநிலையில் இருந்தது. டோரீனிடம் கடைசிக் கல். இலக்கு வட்டத்தின் நடுவே நின்ற எதிரணிக் கல்லைத் தள்ளிவிட்டால் வெற்றி. விட்டாள். பனியில் கோடு கிழித்தது போல நேராகப் போனது.

என் திரை கறுத்தது.

சமையலறைக்கு ஓடினேன். மோடத்தின் பிளக் தரையில் கிடந்தது. அந்த இடத்தில் காப்பி அண்டாவின் பிளக். பக்கத்தில் மன்றத்துக்குக் காப்பி போடும் வெண்டெல்.

"யோவ் வெண்டெல்! என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"

"ஆட்டம் முடிஞ்சா ரெண்டு அணியும் ஒண்ணா உக்காருவாங்கல்ல, காப்பி வேணாமா? நீதான ஒண்ணு போனா பரவால்லன்ன?"

"சரி, மார்ஜோட போனுக்கு என்ன ஆச்சு?"

மார்ஜ் மூலையில் போனைக் காதில் வைத்திருந்தாள். "கத்தாத. பேத்திக்கு ஸ்கோர் சொல்றேன். ஒண்ணுதான எடுத்தேன்?"

நான் கேட்பதற்கு முன்பே கூரையிலிருந்து மன்றத்து ஆள் கிளாரன்ஸின் குரல் வந்தது. "தட்டுல பனி தட்டுறேம்ப்பா! வயர கழட்டி வெச்சிருக்கேன். ஒண்ணுதான!"

ஆளுக்கு ஒன்று. கணக்கில் யாரையும் குறை சொல்ல முடியாது.

மார்ஜின் போனைப் பிடுங்கிச் செருகினேன். படம் வந்தது. ஜெயித்த டோரீன், கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்க்கும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு பனியில் ஆடினாள். கால் வழுக்கியது. மல்லாந்து விழுந்து, வட்டம் தாண்டிச் சறுக்கிப் போய் எதிரணித் தலைவியையும் சாய்த்தாள்.

உடனே டோரீனின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டாள். மன்றமே கேட்டது.

"பாத்தேன்டி" என்றாள் லொரெய்ன். "உன்னாலயே நேரா நிக்க முடியல. கல்லு எங்கேர்ந்து நேரா போகும்?"

டோரீன் படுத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காப்பியைக் கவனிக்கப் போனேன்.