எந்த இருபது

...இருபது போல்டும் இறுக்கியாச்சு என்றுதானே சொன்னான், பொய்யில்லை, எண்ணித்தான் முறுக்கினான், ஆனால் எந்த இருபது? எண்ணூர்க் கரையில் வால்வுத் தொட்டியின் சுவர்மேல் உட்கார்ந்திருந்த அருள்நாதனுக்கு வெயிலிலும் முதுகு சில்லிட்டது. இன்னும் பத்து நிமிஷம். வால்வைத் திறந்துவிட்டால் தொழிற்பேட்டையின் கழிவுநீரெல்லாம் குழாய்க்குள் ஓடி இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆழத்தில் கலக்கும், கரையோரம் இறாலும் நண்டும் பிழைக்கும்... குப்பத்துக் கூட்டத்தில் இவனே எழுந்து நின்று, மாதா மேல் சத்தியமாக, அப்படித்தான் சொன்னான். இவன் இறுக்கிய இந்தப் பாழாய்ப்போன குழாய் இணைப்போ கரையிலிருந்து முந்நூறு மீட்டரில், இறால் படுகிற இடத்திலேயே இருக்கிறது. சோதனையெல்லாம் முடிந்த பிறகு கசிவு தடுக்கும் ரப்பரை மாற்ற அதைத் திறந்தார்கள், திரும்ப மூடியது இவன், மறுபடி சோதனை கிடையாது, முங்கி வேலை செய்யும் டைவர் இவன், இவன் வார்த்தைதான் சோதனை. கடலடியில் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு. குழாயைச் சுற்றி வட்டமாய் இருக்கும் போல்டுகளில் முதலாவதில் அடையாளத்துக்குத் துணி கட்டி, தடவித் தடவி இந்தப் பக்கம் பத்து, குழாயைத் தாண்டி மறுபக்கம் போய்த் தேடினால் துணியைக் காணோம், அலை உருவிக்கொண்டு போயிருக்கும், சரி என்று ஏதோ ஒன்றில் ஆரம்பித்துப் பத்து. அதில் மூன்று அசையவே இல்லையே... கை மரத்துப்போச்சு என்று நினைத்தாயே மடையா, அவை நீயே ஏற்கெனவே இறுக்கினவை! அப்படியென்றால் அடியில் மூன்று இன்னும் லொடலொடவென்று கிடக்கின்றன.

சொல்லிவிடலாமா? சூப்பர்வைசர் அத்தாவுல்லா நாலடி தூரத்தில்தான் நிற்கிறார், இரண்டு வருஷம் இழுத்த வேலை, சொன்னால் இனி எவன் இவனைத் தண்ணீரில் இறக்குவான், ஒருவேளை ரப்பர் தாங்கலாம், தாங்காவிட்டால்... ஐயோ, தாங்காவிட்டால்? போன் அடித்தது. தங்கச்சி புருஷன் நோயல், கடலில் இருந்து. "மச்சான், உன் பைப்பாண்டதான் கீறோம், பன்னண்டு போட்டு. எறா செமையா வுழுது!" "நோயலு, வலைய வாரிகினு கெளம்பு. இன்னிக்கி அங்க வேணாம்." "இன்னாத்துக்கு?" "கெளம்புன்றேன்ல!" வைத்துவிட்டான். அப்பாடா என்றிருந்தது. "இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? தொறந்துடலாமா?" அத்தாவுல்லா வால்வுச் சக்கரத்தில் கை வைத்துவிட்டார். சொல்லு, இப்போதாவது வாயைத் திற... நோயலைப் போகச் சொன்ன வாய்தானே இது, மற்ற பதினொரு படகைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசவில்லையே. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, இவ்வளவு நேரம் சந்தேகம் சந்தேகம் என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தது சந்தேகமே இல்லை, தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறான்.