தெரியாத ஆளின் மீசை

1.

இந்தக் கதை ஒரு காற்றுக் குமிழுக்குள் இருந்து கிடைத்தது.

கோலா சிலாங்கூர் பழைய கடைவரிசையில் நான் வேலை பார்க்கும் போன் கடையில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வாடிக்கையாளர் ஒருவரின் போனுக்குத் திரைக்கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு குமிழ் நின்றுவிட்டது. காலாவதியான பஸ் கார்டால் அதை ஓரத்துக்குத் தள்ளத் தள்ள, அது வழுக்கி வழுக்கித் திரும்பி வந்தது. ஏழு நிமிடம் ஆயிற்று. அதற்குள் வாடிக்கையாளர் தன் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். குமிழ் ஒழுங்காகப் போயிருந்தால் நீங்கள் இப்போது வேறு ஏதாவது படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அவர் பெயர் முருகையா. ஐம்பத்து மூன்று வயது. ஊருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அந்தத் தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளையின் செயலாளரும் அவரே. அவருடைய மீசை—

(இல்லை. மீசைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.)

"தங்கச்சி, மூஞ்சி மறந்துபோன போனை ரிப்பேர் பண்ணுவீங்களா?" என்று கேட்டார்.

"உங்க போன் நல்லாத்தானே இருக்கு அங்கிள்?"

"என்னோடது இல்லம்மா. தோட்டத்து போனு. அதுக்கு என்னைத் தெரியலயாம்."

2.

வரைவு ஒன்று: ‘பனி பொழியத் தொடங்கியபோது முருகையா தன் மேலங்கியின் காலரை உயர்த்திவிட்டுக்கொண்டார்.’

கைவிடப்பட்டது. கோலா சிலாங்கூரில் பனி பொழிந்தால் அதுவே தனிக்கதை. என்மேல் தப்பில்லை. நான் வாசிப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அவற்றில் எல்லோரும் ரயிலேறிப் பனிக்குள் போகிறார்கள், ஜன்னலோரம் சூப் குடிக்கிறார்கள், அடிக்கடி தோள்களைக் குலுக்குகிறார்கள். நான் பஸ்ஸில் கிள்ளானுக்குப் போகிறேன். சூப் குடித்தால் வியர்க்கிறது.

வரைவு இரண்டு: ‘அந்தத் தோட்டத்தில் முகங்கள் காணாமல்போகத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமையன்று.’

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய். ஒரு முகமும் காணாமல்போகவில்லை. எல்லா முகமும் அதனதன் இடத்தில் பத்திரமாக இருந்தது. பிரச்சினையே அதுதான்.

வரைவு மூன்று: ‘முருகையா தன் வாழ்க்கையில் இரண்டே தவறுகள் செய்தார். முதலாவது,

அது என்ன என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது மட்டும்தான் சொன்னார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

3.

தோட்டங்களில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். ஆறு மணிக்கு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணி பேர் கூப்பிடுவார். நோட்டில் கோடு விழும். இந்த ஆண்டு நோட்டு போய்ச் செயலி வந்தது. முக்காலியில் ஒரு போனை நிறுத்திவைத்திருப்பார்கள். முன்னால் போய் முகத்தைக் காட்ட வேண்டும். பச்சை வட்டம் வந்தால் நீங்கள் வேலைக்கு வந்திருக்கிறீர்கள்.

இதை முதலில் வரவேற்றவர் முருகையா. கிராணிக்குப் பிடிக்காதவன் பேர் நோட்டில் விட்டுப்போகிற காலம் ஒழிந்தது என்று சங்கக் கூட்டத்தில் முழங்கியிருக்கிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். முகங்களைப் பதிவுசெய்ய நாள் குறித்ததும் அவர்தான்.

"தைப்பூசம் முடிஞ்ச மறுநாள் வெச்சுக்குவோம்லா. அன்னிக்குத்தான் லீவு முடிஞ்சு எல்லாரும் வந்து நிப்பாங்க."

வந்து நின்றார்கள். பதினோரு ஆண்கள் பத்துமலையில் மொட்டை போட்டு, சந்தனம் பூசிய தலைகளோடு நின்றார்கள். செயலி அந்தப் பதினோரு பளபளப்பையும் அன்போடு மனப்பாடம் செய்துகொண்டது.

முருகையா முடியோடு மீசையையும் கொடுத்திருந்தார். அதே தோட்டத்தில் வேலை பார்க்கும் அவருடைய மனைவி கங்காவின் கழுத்தில் இருந்த கட்டி பயப்பட வேண்டாத கட்டி என்று ஆஸ்பத்திரியில் சொன்னதற்கான வேண்டுதல். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அவருடைய மேலுதட்டைப் பார்த்த கங்கா இரண்டு நாள் சிரித்தாராம்.

பிறகு முடி வளர்ந்தது. ஆறாவது வாரம் ஒவ்வொருவராகச் செயலி கைவிட்டது. சிவப்பு வட்டம்; அதற்குக் கீழே ‘தெரியாத ஆள்’.

அன்றைக்குப் பெரட்டில் நடந்த பேச்சை முருகையா இரண்டு குரலிலும் எனக்கு நடித்துக் காட்டினார். கிராணியின் பெயர் மகேந்திரன். கங்காவின் அண்ணன் மகன்.

"மகேந்திரா, என்னைத் தெரியுதா?"

"என்ன மாமா இப்படிக் கேக்குறீங்க? நேத்து ராத்திரி உங்க வீட்டுலதானே சாப்புட்டேன்."

"அப்ப வந்திருக்கேன்னு போடு."

"போடலாம் மாமா. பட்டன் இல்லையே."

மறுபதிவுக்கு மூன்று மாதம் ஆகும் என்று செயலிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பத்துப் பேர் அன்றே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: தினமும் ஐந்தரை மணிக்கு தொழிலாளர் வீட்டுவரிசையான லயத்தின் குழாயடியில் ஒருவருக்கொருவர் மொட்டை அடித்துக்கொள்வது. பதினோராவது ஆள் மாட்டேன் என்றார். "இன்னிக்கு மீசைய எடுன்னும். நாளைக்கு மூக்கச் சின்னதாக்குன்னும். எங்க போய் நிக்கிறது?"

ஆகவே முருகையா தினமும் வேலைக்கு வருகிறார், நாள் முழுக்கக் குலை வெட்டுகிறார், வரவில்லை என்று பதிவாகிறார். செயலி தானாகவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டது. மூன்றாவது இந்த வெள்ளிக்கிழமை. மூன்று கடிதம் வந்தால் விசாரணை, பிறகு வேலை போகும். முப்பது வருட வேலை.

இடையில் இன்னொன்றும் நடந்தது. அவர் வெட்டிய குலைகள் யார் பேரிலாவது ஏற வேண்டுமே. மாதக் கடைசியில் செயலி எல்லோருடைய போனுக்கும் ஒரு வாழ்த்து அனுப்பியது, பலூன் படத்தோடு: ‘இம்மாதத்தின் சிறந்த வெட்டாள்: தெரியாத ஆள்!’

குமிழ் அப்போதுதான் வெளியேறியது.

4.

(கட்டுரைபோல ஒரு பகுதி. அவசரம் என்றால் தாண்டிவிடுங்கள்.)

கடை முதலாளி கைருதீன் பாய்க்கு எல்லாவற்றிலும் கருத்து உண்டு. பொருளின் மதிப்பைப் பற்றி: "அசலுக்கும் நகலுக்கும் என்னா வித்தியாசம் தெரியுமா விஷா? அசலு உடைஞ்சா அழுவாங்க. நகலு உடைஞ்சா நம்மகிட்ட வருவாங்க." சங்கங்களைப் பற்றி: "நல்லதுதான். நம்ம கடையில வேணாம்." (கடையில் நானும் அவரும் மட்டும். நான் சங்கம் வைத்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் டீ குடிக்க ஒன்றாகப் போய்விடுவோம்.)

நான் கதை எழுதுகிறேன் என்று சொன்னதும் கேட்டார்: "அந்த மனுஷன் சொன்ன கதைய நீ எழுதிப் பேர் வாங்குவே. அது காப்பிரைட் இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. காரணம், நான் வாசிக்கும் நாவல்கள் அனைத்தும் யாரோ அனுப்பும் திருட்டுக் கோப்புகள்.*

* ஸ்கேன் செய்கிறவர்கள் முதல் சில பக்கங்களை விட்டுவிடுவார்கள். மொழிபெயர்த்தவர் பெயர் அங்கேதான் இருக்கும். அந்தப் பனியை, அந்தச் சூப்பை, ஒவ்வொரு தோள் குலுக்கலையும் எனக்காகத் தமிழில் உட்கார்ந்து செய்தவர் யார் என்று தெரியாமலே நாற்பது நாவல் படித்திருக்கிறேன். எனக்கும் ஒரு தெரியாத ஆள் இருக்கிறார். இந்தக் கதையை எழுதும் நாட்களில் முதன்முறையாக ஒரு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். நான்காம் பக்கத்தில் பெயர் இருந்தது. பெரட்டில் கூப்பிடுவதுபோல் சத்தமாகக் கூப்பிட்டேன். கடையில் இருந்த வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார்.

5.

(இந்தப் பகுதியில் முருகையாவின் உள்மனம் நான்கு பத்திகளுக்கு வந்தது. அவருடைய வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது. அடுத்த பகுதியைப் பார்க்க.)

6.

வியாழக்கிழமை அவர் கங்காவோடு கடைக்கு வந்தார். நான் வரைவைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்பெனிக் கடிதத்தைப் படிக்கிற பாவனையில் சத்தமாகப் படித்தார்.

"‘முருகையா தோள்களைக் குலுக்கினார்.’ எப்போ குலுக்குனேன்?"

"அது சும்மா அங்கிள். ஒரு பாவனை."

"முப்பது வருஷமா பாக்குறேன், இந்த மனுஷன் தோள் ஆடுனதே இல்ல," என்றார் கங்கா. "குலை வெட்டி வெட்டி அது மேல ஏறவே ஏறாது."

"‘துயரம் தோய்ந்த விழிகள்.’ யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"அது செம்பனத் தூசிலா!"

கங்கா சிரித்ததில் கவுண்டரில் இருந்த போன் உறைகள் ஆடின. முருகையா தாள்களை அடுக்கி, மேசையில் தட்டி நேராக்கினார். எனக்குத் திடீரென்று பயம் வந்தது. பேச்சுவார்த்தை மேசையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

"சரி தங்கச்சி. மூஞ்சி என்னோடது. எழுத்து ஒன்னோடது. ஒப்பந்தம் போட்டுக்குவோம்."

"இப்பத்தானே ஒரு ஒப்பந்தத்துல மாட்டிக்கிட்டீங்க?"

"அதனாலதான். இந்தத் தடவ படிச்சுட்டுப் போடுறேன்."

போன் உத்தரவாத அட்டையின் பின்புறத்தில் எழுதினோம். ஒன்று, தோட்டத்தின் பெயர் வராது. இரண்டு, பனியும் தோள் குலுக்கலும் அவருடைய உள்மனமும் கூடாது. மூன்று, ‘பாவம்’ என்ற சொல் முருகையாவுக்குப் பக்கத்தில் எங்கும் வராது. நான்காவதில் இழுபறி.

"முடிவ நீ எழுதக் கூடாது," என்றார்.

"அங்கிள்! முடிவு இல்லாம எப்படி?"

"முடிவு கிளையோடது. இன்னிக்குச் சாயங்காலம் கூட்டம். நான் செஞ்ச தப்ப நானே எழுந்து நின்னு சொல்லப்போறேன். நாள் குறிச்சவன் நான்தான்னு." மீசையை ஒருமுறை தொட்டுக்கொண்டார். (ஆம், இதுதான் மீசை. அடர்த்தி, ஓரங்களில் நரை, யாரையும் கேட்காமல் வளர்ந்திருந்தது.) "அப்புறம் என்ன செய்யணும்னு அவங்க கை தூக்குவாங்க. அதுக்கு முன்னாடி நீ தூக்கக் கூடாது."

கடைசியில் ஒத்துக்கொண்டோம்: நான் வெள்ளிக்கிழமைப் பெரட்டுக்கு வரலாம்; பார்த்ததை எழுதலாம்; வட்டம் நிறம் மாறும் நொடிக்கு முன் நிறுத்திவிட வேண்டும்.

கைருதீன் பாய் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கங்கா மட்டும் இதில் எதையும் கவனிக்கவில்லை. காட்சிக்கு வைத்திருந்த போனின் கேமராவில் தன் முகத்தைப் பார்த்து, மூக்குக்குக் கீழே ஒரு விரலைப் படுக்கவைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா," என்றார் என்னிடம். "கண்மை மலிவா எங்க கெடைக்கும்? கொஞ்சம் நெறைய வேணும்."

7.

அன்று சாயங்காலம் நான் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒப்பந்தத்தை மீறத்தான். கங்காவுக்குக் குரல்செய்தியாக அனுப்பினேன். பதில்களும் குரலிலேயே வந்தன.

முடிவு அ: முருகையா கண்ணாடி முன் நின்று மீசையை எடுக்கிறார். பெரட்டில் பச்சை வட்டம். யாரும் கைதட்டவில்லை. (பதில்: "அழ வைக்கிறதுக்கா எழுதுற? போய்ச் சாப்புடு.")

முடிவு ஆ: சிறந்த வெட்டாளுக்குப் பரிசளிப்பு. ‘தெரியாத ஆள்’ என்று மேடையில் கூப்பிட்டதும் மொத்தத் தோட்டமும் எழுந்து போகிறது. (பதில்: "மேடை ஒடஞ்சுரும். ஆனா நல்லாருக்கு.")

முடிவு இ: ஒட்டுமீசையோடு கங்கா போனுக்கு முன்னால் நிற்கிறார். செயலி யோசிக்கிறது. பச்சை வட்டம்: ‘வருக, முருகையா!’ (பதில் வர நேரமானது. "என்னைப் பாத்தா அந்த மூஞ்சி மாதிரியா இருக்கு? நான் கேஸ் போடுவேன்." பிறகு இன்னொன்று, மெதுவான குரலில்: "ஒனக்கு யாரு சொன்னா?")

8.

வெள்ளிக்கிழமை, ஐந்து ஐம்பது. மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். அலுவலகத்தின் முன் விளக்கு வெளிச்சத்தில் அறுபத்து நான்கு பேர் வரிசையில் நின்றார்கள்.

மூவரைத் தவிர அத்தனை பேருக்கும் மீசை.

பெண்களுக்குக் கண்மை மீசை: சிலருக்கு முறுக்கியது, சிலருக்குத் தொங்கியது, ஒருவருக்கு அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும். பத்து மொட்டைகளுக்குக் கன்னம்வரை கிருதாவும் சேர்த்து வரைந்திருந்தார்கள். வங்காளதேசத்திலிருந்து வந்து வேலை செய்யும் மூவருக்கு ஏற்கெனவே நல்ல மீசை இருந்ததால், சங்கத் தீர்மானத்தின் நியாயப்படி அவர்கள் அதை வழித்துவிட்டு வந்திருந்தார்கள். மேலுதட்டில் காற்று படுவது புதிதாக இருந்தது போலும். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

நடுவில் முருகையா. சொந்த மீசை.

"எல்லாரும் தெரியாத ஆள்னா, கடுதாசி எல்லாருக்கும் வரணும்," என்றார் என்னிடம். "எல்லாரையும் அனுப்பிட்டு அந்த போனு குலை வெட்டட்டும்."

"செயலிக்கு அடையாளம் தெரிஞ்சிட்டா அங்கிள்? வெறும் மைதானே?"

அவர் தோள்கள்— (இல்லை. ஒப்பந்தம். அசையவில்லை.)

மகேந்திரன் முக்காலியை விரித்தார். கண்களை யார் மேலும் படவிடாமல் போனை நிறுத்தினார். அவருடைய வலது அக்குளில் ஏதோ நீளமாக இடுக்கியிருந்தது. பழைய பெரட்டு நோட்டு. அட்டையில் தூசி துடைத்த தடம் ஈரமாக இருந்தது.

"அத்தை," என்றார் தலையைத் தூக்காமல், "கோணலா இருக்கு. எடது பக்கம்."

கங்கா உள்ளங்கைக் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்தார். பிறகு என்னைப் பார்த்தார். மைக்குச்சி அவர் கையில் இருந்தது.

"ஆன்ட்டி, நான் யூனியன் இல்ல. நான் எழுத வந்தவ."

"எழுதறதும் வேலைதானே? மூஞ்சியக் காட்டு."

காட்டினேன். குச்சி மூக்குக்குக் கீழே குளிர்ச்சியாக ஊர்ந்தது. நாற்பது நாவலிலும் எனக்கு இப்படி ஒரு இடம் வாய்த்ததில்லை. தும்மல் வந்தது, அடக்கினேன். வரிசை முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. செம்பனைகளுக்கு மேல் வெளுக்கத் தொடங்கியது.

மணி ஆறு. வழக்கமாக முதலில் நிற்பவர் முருகையா. இன்று கங்கா அவரை ஒதுக்கிவிட்டு முன்னால் போனார். சங்கக் கூட்டத்தில் பேச எழுந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, போனுக்கு நேராக முகத்தைத் தூக்கினார். திரையில் வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மகேந்திரனின் கை நோட்டின் மேல் இருந்தது. முருகையா கைவிரல்களைக் கோத்துக்கொண்டு, வேண்டுதலுக்கு நிற்பவர்போல் நின்றார். வட்டம் சுற்றுகிறது. நான்காவது விதி என் பைக்குள் இருக்கிறது, உத்தரவாத அட்டையின் பின்புறத்தில். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. நான் ஒதுங்கிக்கொள்கிறேன், எட்டிப் பாருங்கள், வட்டம் இதோ நிறம்