சவேரியோவின் ரத்தம்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இத்தாலியில் பெருஜியா நகரத்தின் பெரிய சதுக்கத்தில் ஒத்தாவியோவின் நெஞ்சில் பிடிவரை கத்தி இறங்கியது. அவன் சாகவில்லை. கையிலிருந்த காப்பியையும் குடித்து முடித்தான். ரத்தம் வந்தது குத்தியவனுக்குத்தான். சவேரியோவின் சட்டை நெஞ்சுப் பக்கம் நனைந்து சிவந்தது. திறந்து பார்த்தால் தோலில் ஒரு கீறல்கூட இல்லை. வியர்வை மாதிரி ரத்தம் மட்டும் கசிந்துகொண்டிருந்தது. நீரூற்றடியில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள்.

ஒத்தாவியோ அங்கோனாவில் தரைக்கு ஓடு பதிக்கிறவன். அவன் மனைவி நெரீனாவுக்கு மலைமேல் இருக்கும் மொந்தெசோர்போ சொந்த ஊர். சவேரியோ அவள் அண்ணன். அவன் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றதற்கு அவள் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். அன்றே ஒத்தாவியோவோடு கிளம்பிப் போனவள், பல வருஷம் கழித்து இப்போதுதான் அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். சனிக்கிழமை நகரம், ஞாயிறு மலை என்று திட்டம். அது தெரிந்துதான், அவள் ஓடிப்போனதை மறக்காத அண்ணன் கத்தியோடு சதுக்கத்துக்கு வந்திருந்தான்.

மருந்துக்கடைக்காரர் கத்திப் பிடியைத் தொட்டுப் பார்த்தார். "பிடுங்கினா இவர் போயிடுவார். பிடுங்காட்டி அவர் போயிடுவார். உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்குங்க."

நெரீனா யோசிக்கவே இல்லை. கணவனின் கையைக் கோத்துக்கொண்டு திட்டப்படியே ஊர் சுற்றினாள். தேவாலய ஓவியங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். பன்றிக்கறி வைத்த ரொட்டி வாங்கித் தின்றாள். சாக்லேட் கடையில் ஆற அமர ருசி பார்த்தாள். அண்ணன் கல்தரையில் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். திட்டினான், கெஞ்சினான், கடைசியில் கத்தியைப் பிடுங்கப் பாய்ந்தான். அம்மாவுக்கென்று வாங்கியிருந்த ஒயின் பாட்டிலால் அவள் அவன் வாயிலேயே அடித்தாள். பல் தெறித்தது. வேறு பாட்டில் வாங்கிக்கொண்டாள்.

மலைக்கு ஞாயிறன்று ஒரே பஸ். மூவரும் அதில்தான் ஏறினார்கள். கண்டக்டர் ரத்தத்தைத் தாண்டிக் கால் வைத்து டிக்கெட் கொடுத்தார்.

"நெரீனா, நான் உன் அண்ணன்டி."

"ஆமா. என் விரலு தினமும் சொல்லுது."

"பாவம்டி, வெளுத்துப் போயிட்டான்," என்று ஒத்தாவியோ பிடிமேல் கை வைத்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்தாள். "அது உன் உசிரு இல்ல, என்னுது. சும்மா இரு."

வீட்டு வாசலில் சவேரியோ விழுந்தான். அம்மா ஓடிவந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"எடுக்கச் சொல்லுடி! இவன் சாகறான்டி!"

நெரீனா கோணல் விரல்களை நீட்டினாள். "அன்னிக்கு, கதவைத் திறடான்னு அவன்கிட்ட சொன்னியாம்மா?"

அம்மா மகனின் நெஞ்சைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சாயங்கால மணி அடித்தபோது சவேரியோ போய்விட்டான். அந்த நொடியே கத்தி தானாக நழுவி ஈரமில்லாமல் தரையில் விழுந்தது. ஒத்தாவியோ இருமினான், அவ்வளவுதான். அம்மா எழுந்து மகளை அறைந்தாள்; கை ஓய்ந்து போகும்வரை அறைந்தாள். உதடு கிழிந்தும் நெரீனா தடுக்கவில்லை. பிறகு மூவருமாகப் பிணத்தைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். அம்மா மாப்பிள்ளைக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

ஒத்தாவியோ கிழவனாகும்வரை வாழ்ந்தான். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அவன் தழும்பில் ஒரு சொட்டு ரத்தம் வரும். ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, அது அவனுடைய ரத்தமே இல்லை என்றார்கள்.

"தெரியும்," என்றாள் நெரீனா.

வெள்ளைச் சட்டை வாங்குவதை நிறுத்தினார்கள். சனிக்கிழமைகளில் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அண்ணன் வந்துட்டான்" என்று துடைத்துவிடுவாள். பிறகு இருவரும் சாப்பிட உட்காருவார்கள்.