ஏரிக்கரையில் பறித்த மூன்று காளான்கள்

குரோம்பேட்டை ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து, காளான் விற்றுத் தீர்ந்த காலிக் கூடையைத் தட்டிக்கொண்டிருந்தாள் எல்லம்மா. பக்கத்து வீட்டு ஏஞ்சல் அப்போதுதான் சொன்னாள்.

"அந்தப் பெருசு மூணும் வித்துப் போனது நல்லதுக்கா. எடத்தை அடைச்சிகினு இருந்துச்சு."

"எந்தப் பெருசு?"

"ஏரிக்கரைப் புல்லுல மொளைச்சிருந்துச்சே. நீ அப்போ கரையான் புத்தாண்ட குனிஞ்சிகினு இருந்த. நான்தான் பறிச்சிக் கூடையில போட்டேன்."

எல்லம்மாவின் கை நின்றுவிட்டது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் காட்டை நம்பித்தான் அவள் இருபது வருஷமாகப் பிழைக்கிறாள். கோடையில் களாக்காய், ஈச்சம்பழம். ஐப்பசி மழை விட்டால் புற்றுக்காளான். ஏஞ்சல் அவளோடு வருவது இந்த மழைக்காலத்தில் மட்டும்தான்.

"அடியில இன்னா கலர்?"

"லேசா பச்சை."

"கழுத்துல வளையம் இருந்துச்சா?"

"ஆமா. ஏங்க்கா?"

அதே மாதிரிக் காளானைத் தின்றுவிட்டு எல்லம்மாவின் கொழுந்தன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான்.

"யாருக்குப் போட்ட?"

"அஸ்தினாபுரம் டீச்சரம்மாக்கு. ரெண்டாவது மாடி."

எல்லம்மா எழுந்துவிட்டாள். ஏஞ்சல் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க்கா! எதுனா ஆயிருந்தா போலீசாண்ட புடிச்சிக் குடுத்துடுவாங்க. வூட்டுக்குப் போயிடலாம்."

"நீ போ," என்று உதறிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் மழைத்தண்ணீர். ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவரை விரட்டினாள். மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு. டீச்சர் வீட்டில்தான் இருப்பாள். சமைத்திருப்பாளோ?

மாடிப்படி ஏறும்போதே மிளகும் காளானும் வதங்கிய வாசனை வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிக் கதவைத் தட்டினாள்.

டீச்சர் தீபலட்சுமி கரண்டியோடு வந்து திறந்தாள். "என்னம்மா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"காளானைச் சாப்டாதீங்கம்மா! விஷக் காளான் கலந்து பூடுச்சு!"

டீச்சர் திரும்பி உள்ளே பார்த்தாள். டிவி முன்னால் அவள் ஆறு வயது மகள் சின்மயி உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. தோசையில் பாதி இல்லை. காளானைக் காணவே காணோம்.

டீச்சர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் இறங்கினாள். எல்லம்மா வாசலில் நிறுத்தி வைத்திருந்த ஆட்டோவில் எல்லோரும் ஏறினார்கள். "என்ன கொடுத்தீங்க? என் குழந்தைக்கு என்ன கொடுத்தீங்க?" என்று டீச்சர் கேட்டுக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் குழந்தை வாந்தி எடுத்தது.

டாக்டர் கேட்டபோது எல்லம்மா எதையும் மறைக்காமல் சொன்னாள்: எங்கே முளைத்தது, அடிப்பக்கம் என்ன நிறம், கொழுந்தனுக்கு என்னவெல்லாம் செய்தது. உள்ளேயிருந்து குழந்தை வீறிடும்போதெல்லாம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஓடிப்போகலாம் என்று இரண்டு முறை தோன்றியது. போகவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு நர்ஸ் வெளியே வந்தாள். "இனிமே பயமில்ல. பாப்பா தூங்குது."

கொஞ்ச நேரம் கழித்து டீச்சரும் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நீங்க வந்து சொல்லலைன்னா சாதா வாந்தின்னு நினைச்சு வீட்டுலயே வெச்சிருப்பேன்," என்றாள். அப்புறம், "ஆனா எங்க தெருவுக்கு இனிமே வராதீங்கம்மா. என்னால முடியாது."

"வரமாட்டேம்மா," என்றாள் எல்லம்மா.

வாசலுக்கு வந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.